படிக்கப் போவது நான், என் பிள்ளை இல்லை

நேற்று காலேஜ் ஃபீஸ் கவுண்டரில் நடந்தது உங்களில் பலருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். "மிலிட்டரிக்காரங்களுக்குத்தான் எல்லாம் ஃப்ரீயாச்சே, நீங்க ஏன் சார் தவணை கேக்கறீங்க?" என்று அத்தனை பேர் முன்னால் கேட்டார் அந்த மனிதர். ராணுவத்திலிருந்து விடுவிக்கும்போது தந்த டிஸ்சார்ஜ் புக்கை நீட்டினேன். எச்சில் தொட்டு ரெண்டு பக்கம் புரட்டிவிட்டு, கண்ணாடிக்குக் கீழே திரும்பத் தள்ளிவிட்டார்.

ஃப்ரீ இல்லைங்க. பிரதமர் ஸ்காலர்ஷிப்பில் பையன்களுக்கு மாதம் 2500, பெண்களுக்கு 3000 தருகிறார்கள். அது படைவீரரின் பிள்ளைகளுக்கும் விதவைகளுக்கும். முன்னாள் படைவீரர் நலனுக்கான சைனிக் போர்டின் கல்வி உதவியை 2025 நவம்பரில் மாதம் 1000லிருந்து 2000 ஆக்கினார்கள். அதுவும் அப்படித்தான். நல்ல விஷயம், என் மகளுக்கு நாளைக்கு உதவும். ஆனால் 38 வயதில் பி.காம் சேர்ந்திருப்பது நான். இந்த இரண்டிலும் எனக்கு ஒரு ரூபாய் கிடையாது.

பிளஸ் டூ முடித்த கையோடு 2005ல் ராணுவத்தில் சேர்ந்தவன் நான். எங்கள் வேலூர் மாவட்டத்தில் இது புதிதில்லை, கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். காஷ்மீரில் குப்வாராவில் இருந்தபோது தபால் வழியில் படிக்கப் பணம் கட்டினேன். டியூட்டி முடிந்து கம்பளிக்குள் டார்ச் அடித்துக்கொண்டு அக்கவுண்டன்சி படிப்பேன். பனி ஈரத்தில் பக்கங்கள் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் எழுத்தோடு கிழியும். பரீட்சைக்கு லீவு கேட்டு ரெண்டு வருடம் கிடைக்கவில்லை. மூன்றாவது வருடம் பணம் கட்டவில்லை. யார் மேலும் தப்பு சொல்லவில்லை, அங்கே நிலைமை அப்படி. ஆனால் அந்த வயதில் படிக்காமல் போனது சோம்பேறித்தனத்தால் இல்லை என்று யாராவது ஒருத்தராவது புரிந்துகொள்ள வேண்டாமா?

"பென்ஷன் வருதே" என்பீர்கள். வருகிறது. 24 ஆயிரத்துச் சொச்சம். வாடகை, அம்மாவின் மருந்து, மகளின் ஸ்கூல் எல்லாம் அதில்தான். "ரிட்டயர் ஆகும்போது கோர்ஸ் தருகிறார்களே" என்றால், அது சில வாரப் பயிற்சி, டிகிரி இல்லை. "15 வருட சர்வீஸே டிகிரிக்குச் சமம்" என்று ஒரு அண்ணன் போனில் சொன்னார். அது அரசாங்கத்தில் கீழ்மட்டமான குரூப் சி வேலைக்கு மட்டும் அண்ணா. அதற்கு மேலே போக உண்மையான டிகிரி வேண்டும்.

கடைசியாக ஒன்று சொல்வார்கள், அதுதான் வலிக்கிறது. "செக்யூரிட்டி வேலைக்குப் போகலாமே." கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட் தாண்டி, சித்தூர் பக்கம் என் பேட்ச்மேட் இருக்கிறான். பட்டாலியனில் சிக்னல் செட் எது பழுதானாலும் அவனைத்தான் கூப்பிடுவோம். டிப்ளமோ படிக்க ஆசைப்பட்டான், பணம் புரளவில்லை. இப்போது ஒரு அபார்ட்மென்ட் கேட்டில் நிற்கிறான். காலேஜ் போகிற பையன்கள் பைக்கில் ஹார்ன் அடித்தால் ஓடிப்போய்க் கதவைத் திறக்கிறான். அந்த வேலை கேவலம் என்று நான் சொல்லவே மாட்டேன். 35 வயதில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இனி உனக்கு இது போதும் என்று மற்றவர்கள் முடிவு செய்வதைத்தான் தாங்க முடியவில்லை.

அமெரிக்காவில் 1944லேயே சட்டம் போட்டு, போரிலிருந்து திரும்பியவனுக்கே காலேஜ் ஃபீஸ் கட்டினார்கள். அவன் பிள்ளைக்கு இல்லை, அவனுக்கு. நான் கேட்டது அவ்வளவுகூட இல்லை. ரெண்டு தவணை.

மனைவியின் வளையல் நேற்று சாயங்காலமே அடகுக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை முழுப் பணத்தோடு அதே கவுண்டருக்குப் போகிறேன். டிஸ்சார்ஜ் புக்கை இந்த முறை எடுத்துப் போகப் போவதில்லை.