வயிற்றுவலி என்றுதான் சொன்னாள்

மகளிடம் காட்டி, அவள் எடுக்கச் சொன்ன இரண்டு வரிகளை எடுத்துவிட்டுத்தான் இதைப் பதிவிடுகிறேன்.

சிங்கப்பூரில் அவள் உயர்நிலை இரண்டில் படித்தபோது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஆனாலே வயிறு வலிக்கும். திங்கள் காலை ஐந்தரைக்கு எழுப்பப் போனால் சுருண்டு படுத்திருப்பாள். புளோக்குக்குக் கீழே இருக்கும் கிளினிக்குக்கு அழைத்துப்போவோம். மாத்திரை கொடுத்து ஒருநாள் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) எழுதித் தருவார்கள். செவ்வாய்க்கிழமை சரியாகிவிடும். அடுத்த ஞாயிறு மறுபடியும் வலி. ஓமத் தண்ணீர் கொடுத்தேன், பூச்சி மருந்து கொடுத்தேன், அத்தை, அதாவது என் மாமியார், மிளகாய் சுற்றிப் போட்டார். ஸ்கேன்கூட எடுத்தோம். ஒன்றும் இல்லை என்று வந்ததும் நிம்மதிக்குப் பதில் எனக்குக் கோபம்தான் வந்தது. நடிக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன். அதை அவள் முகத்துக்கு நேரே சொல்லியும்விட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளி ஆலோசகர் கூப்பிட்டார். இடைவேளை முழுக்க அவள் கழிப்பறையில் தனியாக இருக்கிறாள், அவளோடு தொடர்ந்து பேசிப் பார்க்கிறேன், தேவைப்பட்டால் பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவும் மனநலக் கழகத்தின் 'ரீச்' குழுவையும் கலந்துகொள்ளலாம், நீங்கள் சம்மதிக்க வேண்டும் என்றார். "எங்க வீட்டுல அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைங்க டீச்சர்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். மனநலக் கழகம் என்றதும் என் காதில் விழுந்தது உட்பிரிட்ஜ், அந்தப் பழைய மனநல மருத்துவமனையின் பெயர்தான். நான் வளர்ந்த வீட்டில் அந்தப் பெயரை வசவாக மட்டுமே கேட்டிருக்கிறேன். மருத்துவமனை 1993இலேயே புவாங்கோக்குக்குப் போய்விட்டது, பேரும் மாறிவிட்டது. எனக்குள் அது மாறவே இல்லை.

அதோடு 'ரெக்கார்டு' பயம். ரெக்கார்டில் ஏறிவிட்டால் நாளைக்கு வேலை கிடைக்குமா, கல்யாணம் ஆகுமா? இதே கேள்வியைத் தேக்கா மார்க்கெட்டிலும் கோயிலிலும் எத்தனையோ அம்மாக்கள் என்னிடம் தணிந்த குரலில் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குச் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன். பள்ளி ஆலோசகரிடம் பேசியது மதிப்பெண் சான்றிதழில் வராது. வேலைக்கு விண்ணப்பிப்பவரிடம் தக்க காரணம் இல்லாமல் மனநலம் பற்றிக் கேட்கக் கூடாது என்று அரசாங்கமும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி நெறிமுறைகள் 2020 முதல் சொல்கின்றன. 2025 ஜனவரியில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டத்தில் மனநலக் குறைபாடும் இடம்பெற்றிருக்கிறது. என் பயத்தால் போனது எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் அவள் தனியாகத்தான் தவித்தாள்.

ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்குச் சமையலறையில் விளக்கு எரிந்தது. போய்ப் பார்த்தால் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். கை சில்லிட்டுப் போயிருந்தது. மூச்சு வாங்கியது. "என்னம்மா பண்ணுது?" என்றால் அவளுக்குச் சொல்ல வரவில்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் ஆங்கிலத்தில் ஆங்ஸைட்டி, பேனிக் என்கிற சொற்கள். எனக்கு அவை ஏதோ டிவியில் வரும் சொற்கள். சத்தம் கேட்டு எழுந்து வந்த அத்தை, முட்டிவலியோடு மெதுவாகத் தரையில் அமர்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வயித்துல புளியக் கரைக்குதா கண்ணு?"

"அப்படின்னா என்ன பாட்டி?"

"நாளைக்கு என்ன ஆகுமோன்னு நெனக்கிறப்போ உள்ள கலக்குமே, அது."

அவள் அத்தையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அதுதான் பாட்டி. டெய்லி."

எனக்கு அந்த இடத்திலேயே அழுகை வந்துவிட்டது. அவள் எட்டு மாதமாகச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். பயம் வயிற்றில்தான் தெரியும் என்று நம் மொழிக்கே தெரிந்திருக்கிறது. அடிவயிறு கலங்குது, நெஞ்சு படபடக்குது, கை கால் ஓடலை என்று நாள் முழுக்கப் பேசுகிற நான், என் பிள்ளை வயிற்றைப் பிடித்தபோது பூச்சி மருந்து வாங்கப் போயிருக்கிறேன்.

காலையில் நானே ஆலோசகரைக் கூப்பிட்டேன். ஏன் இவ்வளவு நாள் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சின்ன அறை, இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி. மகளோடு பேசி முடித்துவிட்டு என்னை உள்ளே அழைத்து, "நீங்க நல்லா தூங்குறீங்களா?" என்று கேட்டார். இத்தனை மாதத்தில் அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அப்புறம் எங்கள் வட்டாரத்துக் குடும்பச் சேவை நிலையத்துக்கும் போனோம். அங்கே தமிழ் பேசும் சமூக சேவையாளர் ஒருவர் அமைந்தது எங்கள் அதிர்ஷ்டம். அவர் அத்தையிடமும் பேசினார், என் வீட்டுக்காரரிடமும் பேசினார். பிள்ளையை மட்டும் அனுப்பி 'சரிபண்ணி' வாங்கிவர இது ரிப்பேர் கடை இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அவளைத் திட்டும் என் வாயும், பேசாமலே இருக்கும் அப்பாவும் சேர்ந்துதானே வீடு?

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அது அதிர்ஷ்டமாக இருக்கக் கூடாது. தமிழில் மனம்விட்டுப் பேச ஓர் ஆலோசகர் கிடைப்பது எல்லாக் குடும்பத்துக்கும் வாய்க்க வேண்டும். பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லிவிடும், பாட்டிக்கு அது எப்படிப் புரியும்? இந்தியர்களுக்கான சுயஉதவி அமைப்பான சிண்டாவுக்கும் ஒரு குடும்பச் சேவை நிலையம் உண்டு, கேட்டுப் பாருங்கள். நம் பிள்ளைகள் இந்தப் படிப்புக்கும் வரட்டும். மருத்துவம், பொறியியல் என்று தள்ளும் நாம் உளவியலையும் சமூக சேவையையும் மதித்தால்தான் ஆள் கிடைக்கும்.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: முதல் கதவு பள்ளி ஆலோசகர்தான். எல்லாப் பள்ளியிலும் இருக்கிறார். பள்ளி வேண்டாம் என்றால் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போய்ப் பரிந்துரைக் கடிதம் வாங்குங்கள், மருத்துவமனையில் சலுகைக் கட்டணம் கிடைக்கும். 16 முதல் 30 வயதுவரை உள்ளவர்களுக்கு 'சேட்' என்ற இளையர் மனநலச் சேவை இருக்கிறது, மனநல மதிப்பீடு இலவசம். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிங்கப்பூர் சிறுவர் சங்கத்தின் 'டிங்கிள் ஃப்ரெண்ட்' உதவி எண், 1800 2744 788. 2025 ஜூனிலிருந்து 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இருக்கிறது, பெற்றோரும் கூப்பிடலாம். முதல் சந்திப்புக்குக் காத்திருக்க வேண்டி வரலாம். நாங்களும் காத்திருந்தோம், கஷ்டமாகத்தான் இருந்தது. அந்த நாட்களில் ஆலோசகரை விட்டுவிடாதீர்கள்.

பிள்ளை சாவைப் பற்றிப் பேசினால் காத்திருக்கவே கூடாது. "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம் 1767, மனநலக் கழகம் 6389 2222, இரண்டும் ராப்பகலாக உண்டு. உயிருக்கு ஆபத்து என்றால் ஆம்புலன்ஸுக்கு 995. போலிஸ் கேஸ் ஆகிவிடும் என்று மறைக்க வேண்டாம். தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் இங்கே குற்றம் இல்லை.

மகளுக்கு இப்போதும் சில ஞாயிறுகளில் வயிறு கலங்கும். "அம்மா, புளி" என்பாள். நான் அடுப்பை அணைத்துவிட்டுப் பக்கத்தில் போய் உட்காருவேன்.

ஆலோசகர் அறை வாசல்வரை போக யாராவது துணைக்கு வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கும் அம்மாக்கள், அப்பாக்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். திங்கட்கிழமை எனக்கு மதிய ஷிஃப்ட்தான், காலையில் வர முடியும்.