கட்டிக் கழற்றிய சேலைக்கு ரிட்டர்ன் கேட்காதீர்கள்

ஆன்லைனில் ஒரு தளத்தின் வழியாகச் சேலை விற்கிறவள் நான். நேற்று நான் போட்ட படத்தைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். கீழ் ஓரத்தில் ஃபால் துணிப்பட்டை தைத்து, முந்தானையில் மஞ்சள் கறையோடு திரும்பி வந்த அந்த அரக்கு நிறச் சுங்குடிச் சேலைதான். ரிட்டர்னுக்குக் காரணமாக வாங்கியவர் தேர்ந்தெடுத்திருப்பது, "படத்தில் உள்ள நிறம் இல்லை." அதைவிட, படத்துக்குக் கீழே வந்த கமெண்டுகள்தான் என்னை ராத்திரி தூங்கவிடவில்லை.

பிடிக்கவில்லையா, திருப்பி அனுப்புங்கள். நெசவில் இழை விட்டிருக்கிறதா, கேட்டது ஒன்று வந்தது ஒன்றா, தாராளமாக அனுப்புங்கள். நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். ஆனால் கட்டிக்கொண்டு விசேஷத்துக்குப் போய்வந்த பிறகு அனுப்பாதீர்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

"கட்டிப் பார்த்தால்தானே சேலை எப்படி இருக்கிறது என்று தெரியும்?" என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். தோளில் போட்டுக் கண்ணாடியில் பாருங்கள். இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கூடப் பாருங்கள். ஃபால் தைத்தா பார்ப்பார்கள்? சேலையை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்த பிறகுதானே தையல்காரரிடமே கொடுப்போம்? இவை சின்னாளபட்டியிலிருந்து கஞ்சி போட்டு மடித்து வரும் பருத்திச் சேலைகள். ஒரு மதியம் கட்டி உட்கார்ந்து எழுந்தாலே கொசுவம் வைத்த இடம் கசங்கிவிடும், வியர்வை பட்ட இடத்தில் கஞ்சி விட்டுவிடும். அந்த மடிப்பை வீட்டு இஸ்திரிப் பெட்டியால் திரும்பக் கொண்டுவர முடியாது. கையில் எடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிடும்.

"அதையெல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும், உங்களுக்கென்ன நஷ்டம்?" என்பது அடுத்த கேள்வி. இல்லை. தளம் நடத்தும் கம்பெனி பார்த்துக்கொள்ளாது. உங்கள் கணக்கில் பணம் முழுதாக வந்துவிடுகிறது, அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று நினைக்கிறீர்கள். அந்தச் சேலை 720 ரூபாய். எனக்கு அதில் நிற்பது எண்பது, தொண்ணூறு. வாடிக்கையாளர் ரிட்டர்ன் போட்டால் திரும்பி வரும் கூரியர் செலவை என்னுடைய அடுத்த பட்டுவாடாவில் பிடித்துக்கொள்கிறார்கள். இரண்டு சேலை விற்ற லாபம் அதிலேயே போய்விடும். சேலையும் பாழ். "நிறம் இல்லை" என்று நீங்கள் தட்டிவிட்ட காரணம் என் கடையின் தரக் கணக்கில் ஏறுகிறது. அடுத்த வாரம் என் சேலைகள் தேடலில் கீழே போய்விடுகின்றன. பொய்யான ஒரு காரணத்துக்கு இத்தனை விலை.

கம்பெனியிடம் நஷ்டஈடு கேட்டுக் கிளைம் போடலாமே என்கிறீர்கள். போட்டேன். ரிட்டர்ன் பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுக்க வேண்டும். கவரின் பார்கோடு, பிரிக்கும் கை, உள்ளே இருக்கும் பொருள் மூன்றும் நடுவில் வெட்டாமல் ஒரே ஓட்டமாகத் தெரிய வேண்டும். அப்படித்தான் எடுத்தேன். "ஆதாரம் போதுமானதாக இல்லை" என்று இரண்டு வரியில் தள்ளிவிட்டார்கள். பார்சலை எடுக்கப் போகும் பையனை நான் குறை சொல்லவில்லை. ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறி இறங்குகிறானோ, வாசலில் நின்று சேலையை உதறி மஞ்சள் கறை தேட அவனுக்கு எங்கே நேரம்?

சரி, மோசமான விற்பனையாளர்கள் இல்லையா? இருக்கிறார்கள். படத்தில் பட்டைக் காட்டிவிட்டுப் பாலியஸ்டரை அனுப்புகிறவர்களை எனக்கும் தெரியும். அதற்காகத்தான் 2020-ல் மின்வணிகத்துக்கென்றே நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் வந்தன. பொருள் குறையுள்ளதாகவோ, போலியாகவோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால் திரும்ப எடுத்துக்கொள்ள விற்பவர் மறுக்கக் கூடாது. சொன்ன தேதி தாண்டி வந்தாலும் மறுக்கக் கூடாது. நியாயமான விதி. யாராவது உங்களை ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்கள், நானே சொல்கிறேன். ஆனால் விசேஷத்துக்குக் கட்டிய சேலை இதில் எதில் சேரும்? அதில் என்ன குறை இருந்தது?

ஒரே நிறத்தில் ஐந்து சேலை கேட்டு ஆர்டர் வந்தாலே இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது. முன்பெல்லாம் சந்தோஷமாக இருக்கும், அக்கா தங்கைகள் சேர்ந்து கட்டப்போகிறார்கள் என்று. போன புரட்டாசியில் அப்படிப் போன ஐந்தும் வீட்டு விசேஷம் முடிந்து ஐந்தாகவே திரும்பி வந்தன. ஒன்றில் சந்தனம், ஒன்றில் சாம்பார் வாசம்.

எங்கள் அப்பா டிவிஎஸ் 50-ல் துணி மூட்டை கட்டி ஊர் ஊராகப் போய்த் தவணைக்குச் சேலை விற்றவர். வத்தலகுண்டு, நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் பெண்கள், "அண்ணே, வீட்டுல காட்டிட்டு அடுத்த வாரம் சொல்றேன்" என்று இரண்டு மூன்று சேலையை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கையெழுத்து இல்லை, அட்வான்ஸ் இல்லை. அடுத்த வாரம் வேண்டாம் என்றால் மடிப்புக் கலையாமல் வரும். அவர்களிடம் மாற்றுச் சேலைக்கே வழியிருக்காது, ஆனாலும் ஒருத்திகூடக் கட்டிவிட்டுக் கொடுத்ததாக அப்பா சொல்லி நான் கேட்டதில்லை. கட்டிவிட்டு எப்படி அவர் முகத்தைப் பார்ப்பார்கள்? என் முகம் உங்களுக்குத் தெரியாது, அதுதானே உங்களுக்கு வசதி?

"ரிட்டர்ன் நஷ்டத்தையும் விலையில் சேர்த்துவிடுங்கள்" என்று ஒரு வணிக ஆலோசகர் யோசனை சொல்லியிருக்கிறார். ஒருவர் கட்டிவிட்டு அனுப்பிய சேலைக்கு, ஒழுங்காக வாங்கி ஒழுங்காகக் கட்டும் இன்னொரு பெண் ஏன் ஐம்பது ரூபாய் கூடுதலாகத் தர வேண்டும்? அவருக்குப் பதில் சொல்வதில் எனக்கு ஆர்வமில்லை.

"வீட்டில் சும்மா இருக்கிற பெண்கள் பொழுதுபோக்குக்குச் செய்வதற்கு இவ்வளவு புலம்பலா" என்ற கமெண்டுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். எனக்கு ஜிஎஸ்டி எண் இருக்கிறது. மாதாமாதம் கணக்குத் தாக்கல் செய்கிறேன். தளத்தில் விற்கும் ஒவ்வொரு சேலைக்கும் கமிஷனோடு வரியும் பிடித்த பிறகுதான் மீதி கைக்கு வருகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்தால் கூரியர் வண்டி வரும்வரை எழுந்திருக்க முடியாது. இது பொழுதுபோக்கு இல்லை ஐயா, என் வீட்டில் அடுப்பெரிவதே இதில்தான். இதே வேலையை ஒரு ஆண் கடை போட்டுச் செய்தால் முதலாளி என்பீர்கள். மஞ்சள் கறைச் சேலையை அவர் மேஜையில் கொண்டுபோய் வைக்க உங்களுக்குக் கை வருமா?

கடைசியாக ஒன்று. "துவைத்து அயர்ன் பண்ணி அடுத்த ஆர்டருக்கு அனுப்பிவிடுங்கள், யாருக்குத் தெரியப்போகிறது" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். நல்லது நினைத்துத்தான் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த அடுத்த ஆர்டர் ஒரு அம்மா தன் மகளுக்கு ஆசையாக வாங்குவதாக இருக்கும். யாரோ கட்டிக் கழற்றியதைப் புதுசு என்று அவர் கையில் கொடுக்கச் சொல்கிறீர்களா? நான் செய்யமாட்டேன். ஃபாலைப் பிரித்தாலும் ஊசி போன துளை வரிசையாகத் தெரிகிறது. அதைக் கிட்டத்தில் படமெடுத்துக் காலையில் மறுபடி கிளைம் போட்டிருக்கிறேன். அதையும் தள்ளினால் சேலை என் நஷ்டக் கணக்கில் போகும், இன்னொரு வீட்டுக்குப் போகாது.