மயங்கி விழுந்ததற்கு என்.சி.சி.யைத் திட்டுகிறவர்களுக்கு

அந்த வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். என்.சி.சி. என்கிற தேசிய மாணவர் படையின் பரேடில், யூனிஃபார்மில் நின்ற பையன் அப்படியே மயங்கிக் குப்புற விழுகிறான். இரண்டு நாளாக அதன் கீழே வந்த கமெண்ட்டுகளையும் படித்தேன். "பிள்ளைகளை வதைக்கிறாங்க", "என் பையனை நாளைக்கே நிறுத்திடப் போறேன்". நிறுத்துங்கள், உங்கள் பிள்ளை. ஆனால் அவன் ஏன் விழுந்தான் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லையே. அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அந்தப் பையனுக்கு என்ன ஆச்சு என்று அவனைப் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். பரேடில் வழக்கமாக எப்படி விழுகிறார்கள் என்பது மைதானத்தில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். சாவ்தானில், அதாவது அசையாமல் நேராக நிற்கிற நிலையில், குதிகால்கள் ஒட்டியிருக்கும், முன்பாதங்கள் 30 டிகிரி விரிந்திருக்கும். புதிதாக வந்தவன் விறைப்பாக நிற்கிறேன் என்று முட்டியைப் பின்னால் தள்ளிப் பூட்டிக்கொள்வான். கெண்டைக்கால் சதை அசையாமல் இருந்தால் காலுக்கு இறங்கிய ரத்தம் சரியாக மேலே ஏறாது. சென்னை வெயில், வேர்வை, இறுக்கிய பெல்ட், வெறும் வயிறு. முதலில் காது அடைக்கும், பிறகு கண் இருட்டும், அப்புறம் தரைதான்.

இதைத் தடுக்க முடியும். முந்தின ராத்திரியே நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். காலையில் பரேடுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் நாலு இட்லியாவது உள்ளே போயிருக்க வேண்டும். நிற்கும்போது முட்டியை மயிரிழை தளர்த்திவிட்டு, பூட்ஸுக்குள்ளேயே கால்விரல்களை மடக்கி மடக்கி விட வேண்டும். வெளியே யாருக்கும் தெரியாது. கண் இருட்டினால் கையைத் தூக்கிச் சொல்லிவிட்டு உட்கார வேண்டும், அதில் ஒரு அவமானமும் இல்லை. அதையும் மீறி ஒருவன் விழுந்தால் நிழலில் மல்லாக்கப் படுக்கவைத்து, பெல்ட்டையும் பூட்ஸையும் தளர்த்தி, காலை உயர்த்திப் பிடியுங்கள். நினைவு வருவதற்கு முன் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வீடியோவில் நாலு பேர் சேர்ந்து அவனைத் தூக்கி உட்காரவைக்கிறார்கள். செய்யவே கூடாதது அது. அதைப் பற்றி ஒரு கமெண்ட் இல்லை.

கால் கொப்புளமும் இதே கதைதான். பூட்ஸை பரேடு அன்றைக்குத்தான் முதல்முதலாகப் போடுகிறார்கள். இரண்டு வாரம் முன்னாலிருந்தே வீட்டில் தினம் ஒரு மணி நேரம் தடித்த சாக்ஸோடு போட்டு நடந்தால் தோல் வளைந்துகொடுக்கும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலித்தால், கடம்தாலில் (நின்ற இடத்திலேயே கால் மாற்றி மிதிப்பதில்) குதிகாலால் தரையை இடிக்கிறான் என்று அர்த்தம். பாதம் முழுசாக விழ வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்காத இடம் இருந்தால் அந்த இடத்தைத் திட்டுங்கள், நானும் சேர்ந்து திட்டுகிறேன்.

"ராணுவத்துக்கு ஆள் பிடிக்கிறாங்க" என்கிறீர்கள். என்.சி.சி. சட்டம் 1948-இல் வந்தது. சேர்ந்தவர் ராணுவத்தில் பணியாற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது என்பது அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. படித்துவிட்டுப் பேசலாமே.

கட்டளை எல்லாம் இந்தியில் இருக்கிறது என்கிறவர்களிடம் நான் வாதாட மாட்டேன். 1968 ஜனவரியில், அண்ணா முதல்வராக இருந்தபோது, நம் சட்டமன்றமே அதை எதிர்த்துத் தீர்மானம் போட்டது. அந்தக் கேள்வி நியாயமானது, இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. ஆனால் பிள்ளை மயங்கி விழுந்ததற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இன்னொருவர் எழுதியிருந்தார், "சர்டிஃபிகேட்டுக்காக வெயிலில் காயணுமா?" என்று. அந்த சர்டிஃபிகேட் என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. கல்லூரியில் இரண்டு வருஷமும் 75 சதவீத பரேடும் ஒரு கேம்ப்பும் முடித்தால் 'பி' சர்டிஃபிகேட் தேர்வு எழுதலாம். பி இருந்தால் மூன்றாம் வருஷம் 'சி' சர்டிஃபிகேட். மூன்று வருஷப் படிப்பில் இரண்டாம் வருஷம் வந்து சேர்கிறவனுக்கு பி-யோடு முடிந்துவிடும், சி கிடைக்காது. இதை யாரும் சொல்லாததால் எத்தனை பிள்ளைகள் ஏமாந்து நிற்கிறார்கள். சி-யில் குறைந்தது பி கிரேடும், டிகிரியில் 50 சதவீதமும், வயது 19-இலிருந்து 25-க்குள்ளும் இருந்தால் யு.பி.எஸ்.சி. எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக, ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. நேர்காணலுக்கு விண்ணப்பிக்கலாம். ஐந்து நாள் தேர்வு, பிறகு மருத்துவப் பரிசோதனை. தேறினால் 49 வாரப் பயிற்சி. அதுவும் எங்கே? பரங்கிமலையில், ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில். 1992-இலிருந்து பெண்களும் அங்கே பயிற்சி எடுத்து அதிகாரிகளாகிறார்கள். தாம்பரத்துக்கும் பீச்சுக்கும் ரயிலில் தினமும் பரங்கிமலை ஸ்டேஷனைத் தாண்டிப் போகிறோம். அந்த அகாடமிக்கு உள்ளே போக ஒரு வழி இருக்கிறது என்று வியாசர்பாடியில் இருக்கிற ஆட்டோக்காரர் மகளுக்கு யார் சொல்வது? கோச்சிங்குக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய கதவு என்று தெரிந்தவர்கள் "நிறுத்திடப் போறேன்" என்று அவ்வளவு சுலபமாக எழுத மாட்டார்கள்.

வதை என்று பேச வேண்டுமானால் வேறொன்றைப் பேசுங்கள். பத்து நாள் கேம்ப் முடித்து, தோல் கறுத்து, நாலு கிலோ இளைத்து வருகிற பிள்ளைக்கு வகுப்பில் பத்து நாளும் ஆப்சென்ட் போடுகிற கல்லூரிகள் இருக்கின்றன. கேம்ப் கடிதத்தை நீட்டினால் "உன்னை யார் போகச் சொன்னது?" என்கிறார்கள். இன்டர்னலில் மார்க் குறைகிறது. அந்தப் பிள்ளை அடுத்த வருஷம் பரேடுக்கே வருவதில்லை, சி-யும் போய்விடுகிறது. மைதானத்தில் விழுந்தவன் பத்து நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்து டீ குடிப்பான். இப்படி விழுந்த பிள்ளைக்கு ஒரு வீடியோவும் கிடையாது, இரண்டு நாள் கமெண்ட்டும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பரேடு இருக்கிற வீடுகளில் சனிக்கிழமை ராத்திரியே இட்லி மாவு இருக்கிறதா என்று பார்த்துவையுங்கள்.