இரண்டு சர்வர் போதாது தம்பி

"இரண்டு சர்வர் வாங்கி பிராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டர் போட்டால் போதும், ஒன்று விழுந்தால் மற்றது தாங்கிக்கொள்ளும்" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். அப்படியே நம்பி யாரும் பணத்தைப் போட்டுவிடாதீர்கள்.

பிராக்ஸ்மாக்ஸ் என்பது ஒரே சர்வரில் பல விஎம்களை, அதாவது மெய்நிகர் கணினிகளை, ஓட்டும் மென்பொருள். பல சர்வர்களை ஒரே கூட்டமாக இணைப்பதுதான் கிளஸ்டர். அது ஓட்டுக்கணக்கில் நடக்கிறது, சர்வருக்கு ஒரு ஓட்டு. பாதிக்கு மேல் ஓட்டு வேண்டும். இரண்டில் பாதிக்கு மேல் என்றால் இரண்டுமே. ஒன்று விழுந்தால், மிச்சமிருப்பது 1 ஓட்டோடு கையைக் கட்டி நிற்கும்: புதிதாக எந்த விஎம்மையும் தொடங்காது. எச்.ஏ. (ஒரு சர்வர் விழுந்தால் அதன் விஎம்களை மற்றதில் தானாகத் தொடங்கும் வசதி) போட்டிருந்தால் இன்னும் மோசம், நன்றாக ஓடிக்கொண்டிருந்த அந்த சர்வரும் தன்னைத்தானே ரீபூட் செய்துகொள்ளும். பாலக்காடு பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையில் ஒரு யூபிஎஸ் போனபோது இதைக் கண்ணால் பார்த்தேன். போனது ஒன்று, படுத்தது இரண்டும்.

மூன்றாவது சர்வருக்குக் காசில்லையா? சரி, ஒரு பழைய சின்ன கம்ப்யூட்டரில் கியூடிவைஸ் போடுங்கள். ஓட்டுப் போடுவது மட்டுமே அதன் வேலை. ஆனால் அதை அந்த இரண்டு சர்வருக்குள்ளேயே விஎம்மாக வைக்கிறார்களே, அது வீட்டுச் சாவியை உள்ளே வைத்துப் பூட்டுகிற கதை.

"சர்வர் பெயர், ஐ.பி. (நெட்வொர்க் முகவரி) எல்லாம் அப்புறம் மாற்றிக்கலாம்" என்று அந்தத் தம்பி சொன்னதும் தவறு. கிளஸ்டர் உருவாக்கும் முன்பே முடிவு செய்யுங்கள், பிறகு மாற்றுவது பெரிய தலைவலி. சேர்க்கப்போகும் சர்வரில் விஎம் எதுவும் இருக்கக்கூடாது. நேரமும் எல்லாவற்றிலும் ஒன்றாக ஓட வேண்டும்.

அப்புறம் நெட்வொர்க். சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள உதவும் கோரோசிங் என்ற மென்பொருளுக்குத் தாமதம் 5 மில்லிசெகண்டுக்குள் இருக்க வேண்டும். பாலக்காட்டில் ஒன்று, கோயம்புத்தூரில் ஒன்று என்று பிராட்பேண்டில் இணைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.