கொண்டையை அவிழ்த்துவிட்டால் போதுமாம்!

"ஒண்ணுமில்ல தம்பி, ஒரே ஒரு சின்ன மாற்றம்தான்." இது காதில் விழுந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மொத்தமே நான்கு பேர் இருக்கும் டிசைன் ஸ்டுடியோ எங்களுடையது. ஒரு நிறுவனத்துக்கு 40 நொடி அனிமேஷன். ஸ்கிரிப்ட் ஓகே, காட்சிகளை வரிசையாக வரைந்து காட்டும் ஸ்டோரிபோர்டும் ஓகே. கதாநாயகியின் முகம், உடை, நிறம் எல்லாம் வரைந்து காட்டினோம். இரண்டு தடவைதான் திருத்தம் என்று ஒப்பந்தம். மூன்றாவதையும் சும்மாவே செய்துகொடுத்தோம். "சூப்பர், இதேதான் வேணும்" என்று எழுத்திலேயே ஒப்புதல் வந்தது. அதில் அந்தப் பெண்ணுக்குக் கொண்டை. அழகுக்காக மட்டும் போட்டதில்லை. கொண்டை என்றால் தலையோடு ஒட்டிக்கொண்டு சமர்த்தாகத் திரும்பும். கொடுத்த நாளுக்குள் முடிக்க வேண்டுமே என்று யோசித்துப் போட்ட கொண்டை அது.

முழுப்படமும் வரைந்து, வண்ணம் தீட்டி, குரலுக்கு உதட்டசைவு சேர்த்து, ரெண்டர் எடுத்து அனுப்பிய மறுநாள் போன். "எல்லாம் நல்லா வந்திருக்கு. அந்தக் கொண்டையை மட்டும் அவிழ்த்து விட்டுடுங்க. கூந்தல் காத்துல லேசா ஆடினாப் போதும்."

போதுமாம்!

திரையில் நொடிக்கு 24 ஃபிரேம் (அசையாத சட்டகம்) ஓடும். நாங்கள் கையால் வரைவதால் இரண்டு ஃபிரேமுக்கு ஒரு படம், அதாவது நொடிக்கு 12. அந்தப் பெண் திரையில் இருப்பது 31 நொடி. பெருக்கிப் பாருங்கள், 372 படம்! ஒரு கூந்தலை வரைந்து விக் மாட்டுகிற மாதிரி எல்லாவற்றிலும் ஒட்டிவிட முடியாது. தலை திரும்பினால் கூந்தல் கூடவே திரும்பாது. கொஞ்சம் தாமதித்துத்தான் கிளம்பும். தலை நின்ற பிறகும் அது போய்க்கொண்டிருக்கும், தாண்டிப் போய்த் திரும்பி வந்து அடங்கும். வேர்ப்பக்கம் முதலில் நிற்கும், நுனி கடைசியில் நிற்கும். இதில் கொஞ்சம் பிசகினாலும் தலையில் துடைப்பத்தைக் கட்டிவிட்டதுபோல இருக்கும். அப்புறம், தோளில் பையின் வார் கிடக்கிறதே, கூந்தல் அதற்கு மேலேயா, கீழேயா? நிழல்? காற்றடித்தால் பின்னால் நிற்கும் மரம் ஏன் ஆடவில்லை என்று அடுத்த போன் வரும், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வாடிக்கையாளரையாவது விட்டுவிடலாம், தெரியாதவர். எங்கள் முதலாளிக்கு என்ன வந்தது? 12 வருடம் கையால் வரைந்த மனிதர். போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே, "அதுக்கென்ன சார், பண்ணிடலாம்" என்கிறார். ஒப்புதல் மின்னஞ்சல் கையில் இருக்கிறது, ஒப்பந்தம் இருக்கிறது, எடுத்துச் சொல்லத்தான் வாய் வரவில்லை. கேட்டால், "அடுத்த புராஜெக்ட் கைவிட்டுப் போயிடும்டா" என்று என்னிடம் சீறுகிறார். அந்த அடுத்த புராஜெக்டிலும் இதே கூத்துதானே நடக்கப்போகிறது?

ஸ்டோரிபோர்டில் சொல்லியிருந்தால் ஐந்து நிமிடத்தில் அழித்துவிட்டு அவிழ்த்த கூந்தலைப் போட்டிருப்பேன். அப்போதே ஏன் சொல்லவில்லை என்று வாடிக்கையாளரிடம் கேட்டேவிட்டேன். "அப்போ அது அசையலையே தம்பி, எனக்குத் தெரியல" என்றார். அதில் கொஞ்சம் நியாயம் இருப்பதுதான் இன்னும் எரிச்சல். அனிமேட்டிக், அதாவது ஸ்டோரிபோர்டுப் படங்களை நேரக்கணக்கோடு கோத்த கரடு வீடியோ, ஓட்டிக் காட்டியிருக்க வேண்டும். நாள் இல்லை என்று அதைத் தவிர்த்தது நாங்கள்தான்.

இதற்கு நடுவில் போனில் பார்க்க நெட்டுவாக்கில் ஒரு பிரதி வேண்டுமாம். "ரெண்டு ஓரத்தையும் வெட்டிட்டாப் போதும்" என்கிறார்கள். 1920 பிக்சல் அகலத்தில் மிஞ்சுவது 607தான், மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. திரையின் இரண்டு பக்கமும் ஆளுக்கொருவர் நின்று பேசும் காட்சியில் யாரை வெட்டுவது? முதலாளி இதற்கும் "பண்ணிடலாம்" சொல்லியாகிவிட்டது.

372இல் 214 முடிந்திருக்கிறது. 215இல் அவள் தலையைத் திருப்புகிறாள்.