தாத்தா ஏமாந்துபோனாரா? புத்தகங்களைப் பற்றி வாசகர்கள் சொல்வதும் சொல்லாமல் விடுவதும்

விமர்சகர்கள் எழுதுவதைவிட, சாதாரண வாசகர்கள் புத்தகங்களைப் பற்றி எழுதும் குறிப்புகளைத்தான் நான் விரும்பிப் படிப்பேன். விற்பனைத் தளங்களில் புத்தகத்துக்குக் கீழே கிடக்கும் நாலு வரி, வாசிப்புக் குழுக்களில் அட்டைப்படத்தோடு வரும் பதிவு, புத்தகக் காட்சி முடிந்த கையோடு போடும் ‘நான் வாங்கியவை’ பட்டியல், எதையும் விடுவதில்லை. நாவல், சிறுகதை என்றால் நம் ஆட்கள் நன்றாகவே எழுதுகிறார்கள். பிடித்ததைப் பிடித்தது என்கிறார்கள், பிடிக்காததைக் கிழிக்கிறார்கள், சண்டை கூட நடக்கிறது. அபுனைவு நூல் (கட்டுரை, வரலாறு, அறிவியல் போன்ற கதையல்லாத நூல்), சிறார் நூல் என்று வந்துவிட்டால் மட்டும் எல்லோருக்கும் ஒரே குரல் வந்துவிடுகிறது. அபுனைவு என்றால் “ஏராளமான தகவல்கள், அனைவரும் படிக்க வேண்டிய நூல்.” சிறார் நூல் என்றால் “நல்ல கருத்து, குழந்தைகளுக்கு வாங்கிக் கொடுக்கலாம்.”

இந்த இரண்டு வகையையும் நாம் பயனை வைத்து மட்டுமே அளக்கிறோம். படித்தால் அறிவு வருமா, பிள்ளைக்கு ஒழுக்கம் வருமா, அவ்வளவுதான் கேள்வி. படிக்கும்போது என்ன நடந்தது, எங்கே எரிச்சல் வந்தது, எங்கே தூக்கம் வந்தது, எந்தப் பக்கத்தில் மூடி வைத்தோம் என்பதை யாரும் எழுதுவதில்லை. எனக்கு அதுதான் வேண்டும். ஏனென்றால் நான் அடுத்த புத்தகம் வாங்குவது அதை வைத்துத்தான்.

மதுரையில் எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் சிலர் சேர்ந்து உட்கார்ந்து புத்தகம் பேசுகிறோம். பெரிய அமைப்பெல்லாம் இல்லை. ஒரு வீட்டு மொட்டைமாடி, சில பிளாஸ்டிக் நாற்காலிகள், பிள்ளைகள் தனியாக ஒரு பாயில். அங்கே கேட்ட கருத்துகள் பல எந்தத் தளத்திலும் நான் பார்க்காதவை.

மனித இனத்தின் வரலாற்றைச் சொல்லும் யுவால் நோவா ஹராரியின் ‘சேப்பியன்ஸ்’ தமிழில் வந்ததும் நம்மில் பலர் வாங்கினோம். முழுக்கப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் பேச்சு மாறிவிடும். எங்கள் வட்டத்தில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன் இருக்கிறார், சொந்த ஊர் பேரையூர்ப் பக்கம், விவசாயக் குடும்பம். வேளாண் புரட்சியை வரலாற்றின் மிகப்பெரிய மோசடி என்று ஹராரி சொல்லும் இடத்துக்கு வந்ததும் அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. மனிதன் கோதுமையைப் பழக்கவில்லை, கோதுமைதான் மனிதனைப் பழக்கி வீட்டில் கட்டிப்போட்டது என்பது ஹராரியின் வாதம். வேட்டையாடித் திரிந்த காலத்தைவிட உழைப்பு கூடியது, சாப்பாட்டின் வகை குறைந்தது, நோய் பெருகியது, மொத்தத்தில் இனம் பெருகியதே தவிர ஆள் சுகப்படவில்லை என்கிறார்.

“அப்ப எங்க தாத்தா ஏமாந்துட்டார்ங்கிறாரா? மானாவாரியில குதிரைவாலி போட்டுட்டு மழையப் பாத்துக்கிட்டு இருந்த மனுசன் எந்தச் செடிக்கு அடிமையா இருந்தாரு? இவரு கோதுமையப் பாத்துட்டு உலகத்துக்கே சொல்றாரு” என்றார்.

எதிரே இருந்தவர் அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றவர், திருவாரூர்க்காரர். அவர் விடவில்லை. “தம்பி, உங்க ஊருல குதிரைவாலி. எங்க பக்கம் நெல்லு. நாத்து விட்டு, நட்டு, களை பறிச்சு, தண்ணி கட்டி, ராத்திரி வரப்புல படுத்து... நெல்லுக்கு மனுசன் வேலை பார்த்தானா, மனுசனுக்கு நெல்லு வேலை பார்த்துச்சான்னு எங்க ஊருல வந்து கேளுங்க. அதுலயும் யாரு வயல்ல யாரு குனிஞ்சாங்கன்னு கேளுங்க” என்றார்.

அதற்கப்புறம் பேச்சு எங்கோ போய்விட்டது. கூலி, பண்ணையாள், நிலம் என்று இரவு வரை நீண்டது. ஹராரியின் வாதத்தில் இருக்கும் ஓட்டை என்று அன்றைக்கு எனக்குப் பட்டது இதுதான்: ஏமாந்தவன் ‘மனிதன்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதில் யார் குனிந்தார்கள், யார் வரப்பில் நின்றார்கள் என்ற வேறுபாடு மங்கிவிடுகிறது. இதை நான் எந்த மதிப்புரையிலும் படிக்கவில்லை. பட்டறை அண்ணன் அந்தப் புத்தகத்தைக் கடைசிவரை படித்தார், அதுவும் எதிர்வாதம் தேடுவதற்காகவே. ஐந்து நட்சத்திரம் போட்டு “சிந்திக்க வைக்கும் நூல்” என்று எழுதியவர்களில் பலரைவிட அவர் அதை ஒழுங்காகப் படித்தவர் என்று நான் சத்தியம் செய்வேன்.

நட்சத்திரம் என்றதும் ஞாபகம் வருகிறது. விற்பனைத் தளங்களில் ஒரு நட்சத்திரம் வாங்கிய புத்தகங்களின் கீழே போய்ப் பாருங்கள். பாதிக்குப் பாதி, பார்சல் நனைந்து வந்தது, அட்டை மடங்கியிருந்தது, எழுத்து பொடியாக இருக்கிறது. கூரியர்காரர் செய்த தப்புக்கு எழுத்தாளர் நட்சத்திரம் இழக்கிறார். ஆனாலும் எழுத்து பொடி என்று எழுதுபவரை நான் மதிக்கிறேன். ஐம்பது வயதுக்கு மேல் அது முக்கியமான தகவல்.

அந்தத் திருவாரூர்க்காரருக்குப் பிடித்த புத்தகம் உ.வே.சா.வின் தன்வரலாறான ‘என் சரித்திரம்’. ஆனந்த விகடனில் 1940 முதல் தொடராக வந்து, 1942-ல் அவர் மறைந்தபோது முடிவுபெறாமலே நின்று, பிறகு 1950-ல் நூலானது. இதைப் பற்றி இணையத்தில் என்ன எழுதியிருக்கிறார்கள்? தமிழ்த் தொண்டு, ஓலைச்சுவடி, தியாகம். எல்லாம் உண்மைதான். ஆனால் அதைப் படித்து ஒரு இளைஞர் அந்தப் புத்தகத்தை எடுப்பாரா? மாட்டார், பயந்துவிடுவார். நம் பெரியவர் சொன்ன காரணம் வேறு. வேலைக்காலம் முழுக்க மாற்றல் வாங்கி ஊர் ஊராகப் போனவர் அவர். சின்ன வயதில் உ.வே.சா. தந்தையோடு அரியலூர், குன்னம் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும் பகுதியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறார். யார் ஆதரித்தார்கள், எங்கே தங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. “பதிப்பு வேலையப் பத்தி வர்ற இடத்தை நான் வேகமா தள்ளிடுவேன், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்றார். இப்போது ஊருக்கே சொல்லியாயிற்று.

பயன் என்றேன் அல்லவா, அந்தப் புத்தகத்திலேயே அந்தக் கேள்வி வருகிறது. 1880-ல் கும்பகோணத்துக்கு முன்சீபாக (நீதிபதியாக) வந்த சேலம் இராமசாமி முதலியாரை உ.வே.சா. பார்க்கப் போகிறார். என்னென்ன படித்தீர்கள் என்று கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை என்று பெரிய பட்டியலே வாசிக்கிறார். முதலியார் அசரவில்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோஜனம் என்று கேட்டுவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். அந்த இடத்தில் தொடங்கியதுதான் 1887-ல் சிந்தாமணிப் பதிப்பாக முடிந்தது. சரி, ‘என்ன பிரயோஜனம்’ என்ற கேள்வி தமிழுக்கு ஒரு முறை பெரிய உதவி செய்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதே கேள்வியை எட்டு வயதுப் பிள்ளை கையில் இருக்கும் படப்புத்தகத்தைப் பார்த்துக் கேட்பது கொடுமை.

சிறார் நூல்களின் சிக்கல் என்னவென்றால், வாங்குபவர் ஒருவர், படிப்பவர் இன்னொருவர், கருத்து எழுதுபவர் வாங்கியவர். படித்த ஆள் வாயே திறப்பதில்லை. ‘டோட்டோ-சான்’ நல்ல உதாரணம். தெத்சுகோ குரோயநாகி தன் பள்ளி நாட்களைப் பற்றி எழுதி 1981-ல் ஜப்பானில் நூலாக வந்தது. தமிழில் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டது. அது சிறார் நூலா, தன்வரலாறா என்று கேட்டால் இரண்டும்தான். நூலகத்தில் எந்த அலமாரியில் வைத்தாலும் பாதி வாசகர்களுக்குக் கண்ணில் படாது.

எங்கள் வட்டத்தில் அதைப் படித்த ஓர் ஆசிரியை, கோபயாஷி என்ற தலைமை ஆசிரியர் முதல் நாளன்று சிறுமி டோட்டோ-சான் பேசுவதை நான்கு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்ததைச் சொல்லிக் கண் கலங்கினார். எனக்கும் பிடித்த இடம். பெற்றோர்கள் எழுதும் பதிவுகள் அத்தனையும் இதையொட்டித்தான். கல்வி எப்படி இருக்க வேண்டும், நம் பள்ளிகள் ஏன் இப்படி இல்லை.

பாயில் இருந்த பிள்ளைகளுக்கு அந்த நான்கு மணி நேரம் ஒரு பொருட்டே இல்லை. அவர்களுக்குப் பிடித்தது கழிப்பறை. டோட்டோ-சானின் பணப்பை கழிப்பறைக் குழிக்குள் விழுந்துவிடுகிறது. அவள் அகப்பையை எடுத்து உள்ளே இருப்பதையெல்லாம் அள்ளி வெளியே குவிக்கிறாள். அந்தப் பக்கமாக வரும் தலைமை ஆசிரியர் திட்டவில்லை. முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய் அல்லவா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ரயில் பெட்டியில் வகுப்பு நடப்பது அடுத்தது. “ஜன்னலோர சீட்டுக்கு சண்டை வராதா?” என்று ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி.

அதே புத்தகத்தில் இளம்பிள்ளை வாதம் பாதித்த நண்பன் இறந்துபோகும் அத்தியாயம் இருக்கிறது, நாய் காணாமல் போவதும் இருக்கிறது. சில அம்மாக்களுக்கு அது வேண்டாம் என்று தோன்றியது. பிள்ளைகளில் ஒருத்தி அந்த அத்தியாயத்தைப் பற்றிப் பேசவே இல்லை, ஆனால் புத்தகத்தை மறுபடி கேட்டு வாங்கிப் போனாள். இதை எந்த நட்சத்திரத்தில் எழுதுவது?

படங்களைப் பற்றி யாரும் பேசாதது எனக்கு நெடுநாள் குறை. டோட்டோ-சானில் இருக்கும் படங்கள் சிஹிரோ இவாசாகி வரைந்தவை. அவர் 1974-லேயே இறந்துவிட்டார். அந்தப் புத்தகத்துக்கென்று வரைந்த படங்கள் அல்ல, அவர் விட்டுச்சென்ற ஓவியங்களிலிருந்து தேர்ந்தெடுத்தவை. பக்கங்களோடு எப்படிப் பொருந்துகின்றன என்று பாருங்கள்! நம் பக்கம் ‘அம்புலிமாமா’ பற்றி ஏக்கத்தோடு எழுதாதவர்கள் குறைவு. 1947-ல் தொடங்கிய இதழ், எத்தனையோ தலைமுறை படித்தது. ஆனால் தோளில் பிணத்தோடு, கையில் வாளோடு விக்கிரமன் நடந்து வரும் அந்தப் படத்தை வரைந்தவர் சங்கர் என்கிற கே.சி. சிவசங்கரன் என்று எத்தனை பேர் எழுதுகிறார்கள்? 2020-ல் அவர் மறைந்தபோதுதான் பலர் பெயரையே கேள்விப்பட்டார்கள். குழந்தை முதலில் படிப்பது படத்தை. சிறார் நூலுக்குக் கருத்து எழுதிவிட்டு ஓவியர் பெயரை விடுவது, கல்யாணச் சாப்பாட்டைப் புகழ்ந்துவிட்டுச் சமையல்காரரைக் கேட்காமல் போவது மாதிரி.

அம்புலிமாமா ஏக்கம் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பதிவுகள் பெரும்பாலும் எழுதுபவரின் சிறுவயதைப் பற்றியவை, புத்தகத்தைப் பற்றியவை அல்ல. “எங்கள் காலத்தில்” என்று தொடங்கும் பரிந்துரையை நம்பி வாங்கிய பழங்கதைத் தொகுப்புகள் எங்கள் அலமாரியில் தூசியோடு இருக்கின்றன. வேதாளக் கதைகள் மட்டும் இன்றைக்கும் ஓடுகின்றன. காரணம், கதை முடிவில் வேதாளம் கேள்வி கேட்கிறது. விக்கிரமன் சொல்லும் பதில் தப்பு என்று பிள்ளைகள் வாதாடுகிறார்கள்.

அபுனைவிலும் இதேதான். யாக்கோவ் பெரல்மானின் ‘பொழுதுபோக்குப் பௌதிகம்’ ரஷ்ய மொழியில் முதலில் வந்தது 1913-ல். வேகவைத்த முட்டை எது, பச்சை முட்டை எது என்று உடைக்காமல் கண்டுபிடிக்கும் வழி அதில் இருக்கிறது. சுழற்றிவிட்டால் வெந்தது நன்றாகச் சுற்றும், பச்சை முட்டை தள்ளாடி நின்றுவிடும். இதைக் கேட்ட ஒரு பையன் வீட்டில் செய்து பார்த்து, ஒரு முட்டை மேசையிலிருந்து உருண்டு உடைந்து, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். அந்த அம்மா சொன்னது: “இந்தப் புத்தகத்தைக் குடுக்கும்போது முட்டை விலையையும் சேத்து சொல்லுங்க.” மதிப்புரை என்றால் இதுவல்லவா மதிப்புரை.

யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருதை 2020-ல் பெற்றது. பேசும் மரப்பாச்சி பொம்மை வழியாக, குழந்தைகளுக்கு நேரும் பாலியல் தொல்லை பற்றிப் பேசும் கதை. “அவசியம் வாங்குங்கள்” என்று நூறு பேர் சொல்லிவிட்டார்கள். எனக்கு உதவியாக இருந்தது எங்கள் பக்கத்து வீட்டுச் சகோதரி சொன்னது. முதலில் தானே படித்துவிட்டு, மகள் கண்ணில் படும்படி மேசையில் போட்டுவிட்டாராம், ‘படி’ என்று சொல்லாமல். மகள் படித்த அன்று ஒன்றும் பேசவில்லை, சில நாள் கழித்துத் தானாக ஒரு கேள்வி கேட்டாளாம். என்ன கேள்வி என்று அவர் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

எந்த வயதுக்கு என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் நம்பிக்கை இல்லை. அரசுப் பள்ளிகளுக்கான வாசிப்பு இயக்கப் புத்தகங்களில் வாசிக்கும் திறனை வைத்து நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள் வைத்தார்களே, அது எவ்வளவோ மேல். ஏழாம் வகுப்புப் பிள்ளை ‘நுழை’யில் நிற்கலாம், வெட்கமில்லை. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் எழுதிய நூலக விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது. அந்த வாசகர் யார் என்று சொல்லத்தான் மற்ற வாசகர்களின் கருத்து வேண்டும். “அனைவரும் படிக்க வேண்டிய நூல்” என்பதில் அவர் எங்கே இருக்கிறார் என்று எப்படித் தேடுவது?

ஆகவே ஒரு வேண்டுகோள். கடைசியாகப் படித்த அபுனைவு நூலை எந்த இடத்தில் மூடி வைத்தீர்கள், ஏன் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். முடித்திருந்தால் எந்தப் பகுதியைத் தள்ளிவிட்டுப் போனீர்கள் என்று எழுதுங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் எந்தப் புத்தகத்தை வேண்டாம் என்றார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே போடுங்கள், திருத்த வேண்டாம். பிள்ளையின் பெயரும் படமும் வேண்டாம். புத்தகத்தின் பெயரும் ஓவியர் பெயரும் போதும்.