1887 சட்டம் மட்டும் போதவில்லை
அமெரிக்காவில் ரயில் கட்டணத்தைக் கட்டுப்படுத்த 1887ஆம் ஆண்டுச் சட்டம் வந்ததுமே ரயில் கம்பெனிகளின் சரக்குக் கட்டண அநியாயம் முடிந்துவிட்டது என்று கட்டுரையில் இருப்பதை அப்படியே ஏற்க முடியவில்லை. கட்டணம் நியாயமாக இருக்கவேண்டும் என்று சட்டம் சொன்னது, சரி. ஆனால் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் அந்தச் சட்டம் அமைத்த மாநிலங்களுக்கிடை வணிக ஆணையத்துக்கு இல்லை என்று 1897இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உச்சவரம்பு வைக்கும் அதிகாரம் 1906இல் ஹெப்பர்ன் சட்டத்தோடுதான் வந்தது. பெரிய வியாபாரிகளுக்கு மறைவாகத் தரும் தள்ளுபடியும் நிற்கவில்லை. அதைத் தடுக்க 1903இல் வந்த எல்கின்ஸ் சட்டத்தை ரயில் கம்பெனிகளே ஆதரித்தன என்பதுதான் வேடிக்கை, கொடுத்துக் கொடுத்து அவர்களுக்கே கட்டுப்படியாகவில்லை! மேலே கருத்து எழுதிய ஒருவர் 'போட்டி இருந்தால் போதும், சட்டம் எதற்கு' என்று கேட்டிருக்கிறார். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எனக்கு நான்கு ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை) இருக்கிறது. குலைகளை ஆலைக்கு ஏற்றிப்போக எங்கள் கம்பத்துக்கு (கிராமத்துக்கு) வருவது ஒரே லோரிக்காரர். எங்களைத் தாண்டி இன்னும் உள்ளே இருக்கும் பெரிய தோட்டத்திடம் டன்னுக்கு எங்களைவிடக் குறைவாகத்தான் வாங்குகிறார். கேட்டால், 'அவங்க தினமும் லோரி நிறையத் தர்றாங்க அண்ணே' என்கிறார். வெட்டிய குலை ஒரு நாளுக்குமேல் கிடந்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். இதில் வேறு லோரியைத் தேடிப்போய் எப்போது பேரம் பேசுவது?